மொரேயாவிலிருந்து ஹுவாஹினேவுக்கு: பாய்மரப் படகில் ஓர் இரவு, படிப்படியாக

தஹிட்டிக்குப் பக்கத்துத் தீவு மொரேயா. அங்கிருந்து வடமேற்கே, திறந்த பசிபிக் கடலைத் தாண்டினால் ஹுவாஹினே. மொரேயாவின் வடகரையில் உள்ள ஒபுனோஹு குடாவிலிருந்து ஹுவாஹினேவின் ஃபாரே கிராமம் வரை ஏறக்குறைய 85 கடல் மைல். 40 அடிப் படகு ஒன்று மணிக்கு 5 முதல் 6 கடல் மைல் போகும் என்று வைத்துக்கொண்டால், 14 முதல் 17 மணி நேரம் ஆகும். ஜூலையில் அங்கே பகல் 11 மணி நேரம்தான். அதனால் பகலில் கிளம்பிப் பகலிலேயே போய்ச் சேரும் பேச்சே இல்லை. நடுவில் ஓர் இரவு கடலில் கழிய வேண்டும்.

பிரெஞ்சு பாலினேசியாவின் சொசைட்டி தீவுகளில் படகோட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் இரவுப் பயணம். நல்ல தேர்வுதான்: காற்று பின்னாலிருந்து வருகிறது, தூரம் ஒரே இரவு, நடுவில் பாறையோ தீவோ கிடையாது. வாடகைப் படகு எடுப்பவர்கள் மட்டும் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சூரியன் மறைந்த பிறகு படகை ஓட்டக் கூடாது என்று பல வாடகை நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. அதை மீறினால் காப்பீடும் போய்விடும்.

இந்த வழிகாட்டி, அடிப்படைப் பாய்மரப் பயிற்சி இருந்து, பகலில் தீவுக்குத் தீவு போய்ப் பழகியவர்களுக்கானது. பாய் கட்டவே இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் இரவுப் பயணம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

முதலில் சேரும் நேரத்தைக் குறியுங்கள்

திட்டத்தைக் கிளம்பும் நேரத்திலிருந்து தொடங்காதீர்கள். போய்ச் சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இந்தப் பயணத்தில் படகுக்கு உண்மையான ஆபத்து கடைசி மூன்று மைலில்தான் இருக்கிறது. மற்ற 80 மைலில் நீங்கள் இரண்டு மைல் தள்ளிப் போனாலும் ஒன்றும் ஆகாது.

ஹுவாஹினேவைச் சுற்றி பவளப்பாறை வளையம் இருக்கிறது. அதற்குள்ளே அமைதியான காயல். வளையத்தில் ஆங்காங்கே உள்ள இடைவெளிகள் வழியாகத்தான் உள்ளே போக முடியும். இந்த இடைவெளியைப் படகுக்காரர்கள் 'பாஸ்' என்பார்கள். ஃபாரேவுக்கு இரண்டு பாஸ்: வடக்கே அவாமோவா, தெற்கே அவாபெஹி. இரண்டும் தீவின் மேற்குக் கரையில் உள்ளன.

மேற்குக் கரை என்பதைக் கவனியுங்கள். அந்த பாஸுக்குள் நுழையும்போது உங்கள் முகம் கிழக்கே இருக்கும். காலை ஏழு மணிக்குப் போனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடுபோல் மின்னும். அடியில் இருக்கும் பாறை தெரியாது. ஒன்பது மணிக்குச் சூரியன் சற்று ஏறி வடகிழக்கே ஒதுங்கியிருக்கும். பத்து என்றால் இன்னும் நல்லது. அவாமோவா குறிகள் உள்ள நேரான பாஸ்தானே, இதற்குப் போய் இத்தனை நேரம் காத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் முறை போகிறவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ராத்திரி முழுக்கச் சரியாகத் தூங்காதவர் எடுக்கும் முடிவுகளுக்கு வெளிச்சம் ஒன்றுதான் துணை.

சரி, கணக்குக்கு வருவோம். பாஸ் வாசலில் 9 மணி. மணிக்கு 5 மைல் வேகத்தில் 85 மைலுக்கு 17 மணி நேரம். அப்படியானால் முந்தைய நாள் மாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். 6 மைல் வேகம் என்றால் 14 மணி நேரம், மாலை 7 மணி. ஆனால் ஜூலையில் சூரியன் ஐந்தரைக்கே மறைகிறது. வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது, அரை மணிக்குள் இருட்டிவிடும். மொரேயாவின் பாஸை வெளிச்சத்திலேயே கடந்தாக வேண்டும். ஆகவே 4 மணிக்குக் கிளம்பி, மணிக்கு 5 முதல் 5.5 மைல் என்று நிதானமாகப் போவதுதான் இந்தப் பயணத்தின் கணக்கு. வேகமான படகு வைத்திருப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனாலும் வேகத்தைக் குறைக்கத் தெரிந்திருப்பதுதான் இங்கே பாதித் திறமை.

எந்த நாள் கிளம்புவது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கில் புயல் பருவம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். வியாபாரக் காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் சீராக வீசும். பயணத்துக்கு ஏற்றது அதுதான். ஆனால் அதே மாதங்களில் மாராஆமு என்ற பலத்த தென்கிழக்குக் காற்றும் வரும். பல நாள் விடாமல் 25, 30 நாட் அடிக்கும், அலைகள் மூன்று மீட்டருக்கு மேல் எழும். அது வருகிறது என்றால் மொரேயாவிலேயே இருங்கள்.

வானிலைக்கு, பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸின் பாலினேசியப் பிரிவு கடல் அறிக்கை வெளியிடுகிறது. அதையும், ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மாதிரி என இரண்டு கணினிக் கணிப்புகளையும் மூன்று நாளாவது தொடர்ந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கிளம்பலாம். மாறி மாறிச் சொன்னால் ஒரு நாள் பொறுங்கள்.

காற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது பலர் செய்வது. அலை வரும் திசையையும் பார்க்க வேண்டும். தென்பெருங்கடலில் எங்கோ அடித்த புயல், சில நாள் கழித்து நீண்ட தென்மேற்கு அலையாக இங்கே வந்து சேரும். நடுக்கடலில் அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஃபாரேவின் பாஸ்கள் மேற்குப் பக்கம் திறந்தவை. அந்த அலை பெரிதாக இருக்கும் நாளில் பாஸின் இரு ஓரங்களிலும் வெள்ளையாக உடையும். அலைச்சறுக்கு ஆட்டக்காரர்கள் அங்கே கூடுவதற்குக் காரணமும் அதுதான்.

நிலா இருந்தால் இரவு பாதி எளிதாகிறது. பௌர்ணமியை ஒட்டிய நாளென்றால் ராத்திரி முழுக்க வெளிச்சம்; மழைமேகம் வருவதுகூடத் தூரத்திலேயே தெரிந்துவிடும். பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பானால் நள்ளிரவோடு நிலா போய்விடும். முதல் பயணத்துக்கு பௌர்ணமியோ அதற்கு அடுத்த ஓரிரு நாளோ பாருங்கள்.

கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றி இங்கே அதிகம் கவலை வேண்டாம். தஹிட்டிப் பகுதியில் நிலாவின் இழுப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை, சூரியனின் இழுப்புதான் மிஞ்சுகிறது. அதனால் தினமும் உச்சிவேளையையும் நள்ளிரவையும் ஒட்டி ஏற்றம், காலை மாலை ஆறு மணியை ஒட்டி இறக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் ஓரடி இருந்தால் அதிகம். பாஸில் ஓடும் நீரோட்டம் இதைச் சார்ந்ததல்ல. வெளியே அலை உயர்ந்தால், பாறை வளையத்தின் மேலாகக் காயலுக்குள் தண்ணீர் கொட்டும். அது வெளியேற பாஸை விட்டால் வழியில்லை. ஆகவே பாஸில் பெரும்பாலும் வெளிநோக்கியே ஓட்டம் இருக்கும், பெரிய அலை நாளில் அது பலமாகவும் இருக்கும்.

படகையும் ஆட்களையும் தயார்செய்தல்

கிளம்பும் நாள் காலையில் செய்ய வேண்டியவை. எஞ்சின் எண்ணெய், குளிர்நீர், டீசல் அளவு பாருங்கள். வழிவிளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, ஒருவர் கரையிலிருந்தோ சிறுபடகிலிருந்தோ பார்த்துச் சொல்லட்டும். சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம், வெள்ளை பின்னால். விளக்குகள் எரியவில்லை என்பது ராத்திரி எட்டு மணிக்குத் தெரிவது நல்லதல்ல. சிறுபடகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மேலே தூக்கிக் கட்டுங்கள், அதன் எஞ்சினைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

தளத்தில் முன்னும் பின்னும் நீளமாகப் பாதுகாப்பு வார் கட்டுங்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டின் கொக்கி அதில் மாட்டும். விதி இரண்டுதான், அதில் சலுகை கிடையாது. ஒன்று, இருட்டியபின் வெளியே இருப்பவர் எப்போதும் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். இரண்டு, சுக்கான் இருக்கும் இடத்தை விட்டு முன்பக்கம் போவதென்றால் தூங்குகிறவரை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்களுக்கு மட்டும் இன்னொன்று: படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்காதீர்கள். கேலியாகத் தோன்றலாம், ஆனால் ஆட்கள் கடலில் விழுவது அப்படித்தான். உள்ளே கழிப்பறை இருக்கிறது.

ஆள் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பகலிலேயே எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள். சத்தம் போட்டு எழுப்புவது, ஜிபிஎஸ் திரையில் அதற்கான பொத்தானை அழுத்துவது, விளக்குள்ள மிதவையை எறிவது, படகை நிறுத்துவது, கயிறு எதுவும் தண்ணீரில் இல்லை என்று பார்த்த பிறகே எஞ்சினைப் போடுவது. இருவர் மட்டும் போகும் படகென்றால் தூங்கப் போகிறவருக்குத்தான் இந்தப் பயிற்சி முக்கியம். விழுந்தவர் எதுவும் செய்ய முடியாது, மிச்சமிருப்பவர் தனியாள்.

சாப்பாட்டை நங்கூரத்தில் இருக்கும்போதே சமைத்து முடியுங்கள். ஆடும் படகில், கீழே குனிந்து வெங்காயம் நறுக்கினால் நல்ல வயிறும் புரட்டும். ஒரே கிண்ணத்தில் கரண்டியால் சாப்பிடக்கூடியதே நல்லது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இதற்கு ஏற்ற சாப்பாடு: ஆறினாலும் நன்றாக இருக்கும், காலை வரை கெடாது. ஒரு பிளாஸ்க் இஞ்சி டீ, பிஸ்கட், வாழைப்பழம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடல் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். புரட்ட ஆரம்பித்த பிறகு விழுங்கிப் பயனில்லை. அதில் சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், எனவே வேறொரு நாளில் போட்டுப் பார்த்திருப்பது உத்தமம்.

கடைசியாக, கரையில் இருக்கும் ஒருவருக்கு உங்கள் திட்டத்தை எழுதி அனுப்புங்கள்: படகின் பெயர், நிறம், ஆட்கள் எத்தனை பேர், கிளம்பும் நேரம், சேரும் நேரம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் அவர் மீட்புக்குச் சொல்ல வேண்டும் என்பது. இந்தக் கடற்பரப்புக்கு தஹிட்டியில் உள்ள கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் பொறுப்பு. கடலிலிருந்து கூப்பிட விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசை.

பாதை, காற்று, பாய்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் வரைபடத்தில் எளிதாகத் தெரியும் இந்தப் பாதைக்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல், நேர்கோடு. ஒபுனோஹுவிலிருந்து ஃபாரேவுக்குக் கோடு போட்டால் திசை ஏறக்குறைய 304 டிகிரி. ஆனால் ஃபாரே இருப்பது தீவின் மறுபக்கம். அந்தக் கோடு ஹுவாஹினேவின் கிழக்குக் கரையில் போய் முட்டும். அது காற்று தள்ளும் பக்கம். பெருங்கடல் அலை முழு வேகத்தில் பாறை வளையத்தில் மோதும் பக்கம். அந்தப் பக்கம் உள்ள மோட்டுகள் எனப்படும் தென்னைத் திட்டுகள் தாழ்வானவை. தீவின் டுரி மலை 669 மீட்டர் உயரம் என்பதால் மலை தெரிகிறதே என்று நினைத்துப் போவீர்கள், பாறையோ அதற்கு வெகு முன்னாலேயே இருக்கும். ஜிபிஎஸ்ஸில் சேருமிடத்தை மட்டும் குறித்துத் தானியங்கிச் சுக்கானிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினால் அது நேராக அங்கேதான் கொண்டுபோகும். எனவே தீவின் வடமுனைக்கு வெளியே அல்லது தென்முனைக்கு வெளியே, பாறையிலிருந்து குறைந்தது ஐந்து மைல் தள்ளி ஒரு புள்ளி குறியுங்கள். விடியும் வரை அந்தப் புள்ளிதான் உங்கள் சேருமிடம்.

இரண்டாவது சிக்கல், காற்று கிட்டத்தட்ட முதுகுக்கு நேர் பின்னால். காற்று நேர் கிழக்கிலிருந்து வந்தால், 304இல் போகும் படகுக்கு அது வலப்பக்கப் பின்முனையிலிருந்து படும். அதே காற்று தென்கிழக்குக்கு மாறினால் இடப்பக்கப் பின்முனைக்கு வந்துவிடும். இந்தக் கடலில் ஓர் இரவுக்குள்ளேயே காற்று இந்த இரண்டுக்கும் நடுவே ஆடும். அப்படி ஆடும்போது பெரிய பாயும் அதைத் தாங்கும் பூம் கட்டையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சடாரென்று வீசியடிக்கும். படகுக்காரர்கள் இதை ஜைப் என்பார்கள். எதிர்பாராமல் நடந்தால் பூம் உடையும், இல்லை தலை உடையும்.

இதற்கு மூன்று வழிகள். பூமை முன்பக்கமாக இழுத்துக் கட்டும் கயிறு ஒன்று போடுவது கட்டாயம். இது முதல் வழி. இரண்டாவது, காற்றை நேர் பின்னால் வைக்காமல் 20, 25 டிகிரி ஒதுக்கி ஓட்டுவது. காற்று கிழக்கானால் 315, 320 என்று சற்று வடக்கே ஏற்றிப் போங்கள். காற்று எப்போதும் வலப்பக்கமே நிற்கும், படகும் ஹுவாஹினேவின் வடக்கே தானாக விலகிப் போகும். காற்று தென்கிழக்கானால் 285, 290 என்று சற்று மேற்கே இறக்கி, தென்முனைக்கு வெளியே போய், விடிந்தபின் திரும்பி, தீவின் காற்று மறைவில் மேற்குக் கரையோரம் வடக்கே ஏறலாம். வடக்கா தெற்கா என்பதை வரைபடத்தை வைத்து முன்கூட்டியே முடிவு செய்யாமல், கிளம்பும் மாலைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது வழிதான் இருவர் மட்டும் போகும் படகுக்கு நான் சொல்வது: பெரிய பாயை ஏற்றவே ஏற்றாதீர்கள். முன் பாயை மட்டும் விரித்து ஓட்டுங்கள். 15, 20 நாட் காற்றில் 40 அடிப் படகுக்கு அதுவே மணிக்கு 5 மைல் தந்துவிடும், நமக்கு வேண்டிய வேகமும் அதுதான். ஜைப் பயமே இல்லை. காற்று ஏறினால் சுக்கானருகே இருந்தே கயிற்றை இழுத்துப் பாயைச் சுருட்டிவிடலாம், முன்னே போக வேண்டியதில்லை. படகு சற்று அதிகமாக உருளும், தூங்குகிறவர் திட்டுவார். பரவாயில்லை.

பெரிய பாயைப் போட்டே தீருவேன் என்றால் பொழுது சாய்வதற்கு முன் ஒரு மடிப்பாவது சுருக்கிவிடுங்கள். காற்று குறைவாக இருந்தாலும் சரி. இருட்டில் சுருக்குவதற்கு ஆகும் சிரமத்தோடு ஒப்பிட்டால், இழக்கும் அரை மைல் வேகம் ஒன்றுமே இல்லை.

திசைகாட்டி பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே காந்த வடக்கு, மெய் வடக்கிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே விலகியிருக்கிறது. நான் மேலே சொன்னவை எல்லாம் மெய்த் திசைகள்.

புறப்பாடு

மூன்றரைக்கு நங்கூரத்தைத் தூக்குங்கள். ஒபுனோஹு குடாவிலிருந்து தாரெயு பாஸ், குக் குடாவிலிருந்து அவாரோவா பாஸ். இரண்டும் வடக்கே திறந்தவை, குறிகள் உள்ளவை. வெளியே வந்ததும் உடனே மேற்கே திரும்பாமல் ஒரு மைலாவது வடக்கே போய்விட்டுத் திரும்புங்கள். மொரேயாவின் 1207 மீட்டர் டோஹிவேயா மலை காற்றை மறைப்பதால் முதல் ஐந்தாறு மைலுக்குக் காற்று வரும் போகும், பாய் தொங்கும். அந்த நேரத்தில் எஞ்சின் போட்டுப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தீவின் நிழலை விட்டு வெளியே வந்ததும் காற்றும் அலையும் ஒரேயடியாக ஏறும். அதற்குள் இரவு உணவை முடித்துவிடுங்கள்.

இதே கடலைத்தான் 1769 ஜூலையில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் கடந்தது. 13ஆம் தேதி தஹிட்டியை விட்டுக் கிளம்பி, சில நாளில் ஹுவாஹினே. கப்பலில் வழிகாட்டியாக இருந்தவர் ரையாத்தேயா தீவைச் சேர்ந்த துப்பாயா. அவருக்கு இந்தத் தீவுகளெல்லாம் மனப்பாடம்.

இரவுக் காவல்

இருவர் என்றால் மூன்று மணி நேர முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் ஒன்பது வரை இருவரும் விழித்திருக்கலாம். ஒன்பது முதல் பன்னிரண்டு ஒருவர், பன்னிரண்டு முதல் மூன்று மற்றவர், மூன்று முதல் ஆறு மறுபடி முதலாமவர். விடியற்காலைக் காவல் அனுபவம் கூடியவருக்குப் போக வேண்டும். தீவு நெருங்குவது அப்போதுதான். நால்வர் இருந்தால் ஒருவர் மாறும்போது மற்றவர் பாதி நேரம் முடித்திருக்குமாறு அமையுங்கள், ஒரே நேரத்தில் இருவரும் புதிதாக எழுந்து வர வேண்டியிருக்காது.

காவலில் இருப்பவர் செய்ய வேண்டியது: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சுற்றிலும் கண்ணால் பார்ப்பது. கைபேசியில் அலாரம் வையுங்கள். இப்போது விளக்குகூடத் தெரியாத கப்பல், உங்களை வந்தடையக் கால் மணி நேரம் போதும். திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், உள்ளே சிவப்பு விளக்கு மட்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை டார்ச் ஒரு நொடி அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு மணிக்கு ஒருமுறை பயணக் குறிப்பில் இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் எழுதுங்கள். கருவிகள் எல்லாம் அணைந்துபோனாலும் கடைசி மணி எங்கே இருந்தோம் என்பது தாளில் இருக்கும். காற்றழுத்தத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வெப்பமண்டலத்தில் அது தினமும் இரண்டு முறை தானாக ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். விடியற்காலை நான்கு, மாலை நான்கு வாக்கில் இறக்கம். இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் இருக்கும். ராத்திரி பத்திலிருந்து முள் இறங்குவதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று பதறாதீர்கள். நேற்று இதே நேரம் எவ்வளவு இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால் திசைகாட்டியையே முறைத்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூலை நடுவில் இரவு பத்து மணிக்கு சுவாதி நட்சத்திரம் 305 டிகிரியில், அடிவானத்துக்கு மேல் சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். நம் திசையும் அதுதான். படகின் அணியத்துக்கு (முன்முனைக்கு) நேர் மேலே அது மின்னும். நள்ளிரவில் அது மறைந்த பிறகு, வடக்கே தெரியும் அபிஜித் நட்சத்திரம் மெல்ல இடப்பக்கம் இறங்கி, விடியற்காலை நான்கு மணி வாக்கில் 311 டிகிரியில் அடிவானத்தைத் தொடும். முன்னே ஒரு நட்சத்திரம் கிடைத்தால் ஓட்டுவது சுகம். பாலினேசிய மாலுமிகள் தீவுக்குத் தீவு போனது இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் நட்சத்திரங்களைப் பிடித்துத்தான். 1976இல் ஹோக்குலேயா என்ற இரட்டை ஓடம், மைக்ரோனேசியாவின் சத்தாவல் தீவுக்காரரான மாவ் பியாலுக் வழிகாட்ட, கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தஹிட்டி வரை வந்து சேர்ந்தது. ஹோக்குலேயா என்பது ஹவாய் மொழியில் சுவாதியின் பெயர்.

கப்பல்களும் மிதக்கும் பொருட்களும்

தஹிட்டியில் உள்ள பப்பேயெத்தே துறைமுகத்திலிருந்து ஹுவாஹினே, ரையாத்தேயா, போரா போராவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இதே பாதையில்தான் போகும். டபோரோ, ஹவாய்க்கி நுய் என்ற பெயர்களை, சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் பார்க்கலாம். உங்கள் பின்னாலிருந்து வரக்கூடும் என்பதால் பின்பக்கமும் பாருங்கள்.

விளக்கைப் படிக்கும் முறை இது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், அது உங்கள் பார்வையில் இடது நோக்கிப் போகிறது. பச்சை என்றால் வலது நோக்கி. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேராக உங்களை நோக்கி வருகிறது. பெரிய கப்பலில் இரண்டு வெள்ளை விளக்குகளில் தாழ்ந்தது முன்னால் இருக்கும். மோதல் ஆபத்தா என்று அறிய, அதன் திசையைக் கைத்திசைகாட்டியால் இரண்டு மூன்று முறை அளவெடுங்கள். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் பாதை. விஎச்எஃப்பில் கப்பலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் பாயில் போகும் படகு என்று சொல்லுங்கள். பாய்க்குத்தான் முன்னுரிமை என்பது விதி. நீங்கள் எஞ்சின் போட்ட நிமிடத்தில் அந்த முன்னுரிமை போய்விடும். முன்னுரிமை இருந்தாலும் பெரிய கப்பலுக்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், சீக்கிரமே பெரிதாகத் திசை மாற்றி விலகுங்கள்.

தீவுகளுக்குப் பக்கத்தில், மீன்கள் கூடுவதற்காக நங்கூரமிட்ட மிதவைகள் இருக்கும். பலவற்றில் விளக்கு கிடையாது. கரையிலிருந்து முதல் பத்து மைலிலும் கடைசி பத்து மைலிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஜூலை முதல் நவம்பர் வரை கூனல் திமிங்கிலங்கள் குட்டி ஈன இங்கே வரும். இருட்டில் அவற்றைப் பார்த்து விலக வழியில்லை. நிதான வேகம் ஒன்றுதான் கைவசம்.

திடீர் மழைக்காற்று

நல்ல வானிலையிலும் இரவில் ஓரிரு முறை மழைமேகம் ஒன்று கடந்து போகும். பின்னே அடிவானத்தில் நட்சத்திரங்கள் வரிசையாக மறைவதுதான் முதல் அறிகுறி. ரேடார் இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டும். அது வந்து சேரும்போது 15 நாட் காற்று ஓரிரு நிமிடத்தில் 30ஐத் தொடும், திசையும் மாறும், மழை கொட்டும், கால் மணியில் எல்லாம் முடியும். வரும் முன்பே முன் பாயை மூன்றில் ஒரு பங்காகச் சுருட்டிவிட்டு, காற்றைப் பின்னே வைத்து அதனோடு ஓடுங்கள். கடந்தபின் சில நிமிடம் காற்றே இருக்காது, படகு உருளும். உடனே பாயை விரிக்க வேண்டாம், முதல் மேகத்தின் பின்னால் இரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

விடியலும் பாஸும்

ஆறு மணிக்கு ஹுவாஹினே தெரிய ஆரம்பிக்கும். சூரியன் உதிப்பது ஆறரைக்கு. நீங்கள் கணக்குக்கு முன்பே வந்துவிட்டால், முன் பாயை ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருட்டி மெதுவாகப் போங்கள். வடமுனையைச் சுற்றி வரும்போது பாறையில் அலை உடையும் வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு மைல் தள்ளியே இருங்கள். மேற்குக் கரைக்கு வந்ததும் அலை அடங்கிவிடும். பாயைச் சுருட்டி, எஞ்சின் போட்டு, நங்கூரத்தை இறக்கத் தயாராக வைத்து, ஒருவரை அணியத்தில் நிறுத்துங்கள். போலராய்டு கண்ணாடி போட்டிருக்கட்டும்.

உள்ளே நுழையும்போது சிவப்புக் குறி இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். பாஸைத் தாண்டிக் காயலுக்குள் வந்ததும் முறை மாறுகிறது, இதைத்தான் புதியவர்கள் கோட்டைவிடுகிறார்கள்: காயலுக்குள் சிவப்பு என்றால் தீவின் பக்கம், பச்சை என்றால் பாறை வளையத்தின் பக்கம். இரண்டுக்கும் நடுவே போங்கள். தண்ணீரின் நிறம் கருநீலம் என்றால் ஆழம், வெளிர்நீலம் என்றால் மணல், பழுப்பு என்றால் பவளம். பழுப்பிலிருந்து விலகுங்கள்.

பாஸில் அலை முழு அகலத்துக்கும் உடைகிறது, அல்லது மழையில் குறி தெரியவில்லை என்றால் நுழையாதீர்கள். வெளியே திரும்பிப் போய் மேற்குப் பக்கம் சில மைல் தள்ளிக் காத்திருங்கள். பெரிய தென்மேற்கு அலை நாளில் மாலை வரை கூடக் காத்திருக்க நேரலாம், அல்லது ரையாத்தேயாவின் கிழக்குக் கரைப் பாஸ்களுக்குப் போகலாம்; 20 மைலுக்கு மேல் தூரமில்லை. அதற்கான டீசலும் சாப்பாடும் இருப்பது கிளம்பும்போதே போட்ட கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

நங்கூரம் போடும் இடத்தை அங்கே உள்ள விதிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பவளத்தின் மேல் போடக் கூடாது, மணல் திட்டையோ அனுமதித்த கட்டு மிதவையையோ தேடுங்கள். சங்கிலியை விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு இழுத்துப் பாருங்கள். முடிந்தால் குதித்து நீந்திப் போய்க் கண்ணால் பாருங்கள். நங்கூர அலாரத்தை வைத்துவிட்டு, தூங்கும் முன் கரையில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். களைப்பில் அதை மறந்து தூங்கிவிட்டால், நீங்கள் எழும்போது மீட்பு மையம் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.